கருத்துக்கு முன் நிற்கும் சொல்

ஆங்கிலத்தில் ஒருவரைப் பற்றி ‘ஹை ஒபினியன்’ வைத்திருக்கலாம், ‘லோ ஒபினியன்’ வைத்திருக்கலாம். ஒரு விவகாரத்தில் ‘ஸ்ட்ராங் ஒபினியன்’ இருக்கலாம். ‘பவர்ஃபுல் ஒபினியன்’ என்று எழுதினால் எந்த இலக்கண விதியும் மீறப்படுவதில்லை. ஆனாலும் அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவருக்கு அது உறுத்தும். அதே ‘பவர்ஃபுல்’ என்ற சொல்லை ‘ஆர்கியுமென்ட்’ என்பதற்கு முன்னால் வைத்தால் உறுத்தாது. வாதம் எதிரில் இருப்பவர்மீது வேலை செய்வது. அதற்கு ஆற்றல் வேண்டும். கருத்து வைத்திருப்பவரிடமே இருப்பது. அதற்கு உறுதி போதும்.

ஒபினியன், வியூ, பிலீஃப் ஆகிய சொற்களுக்கு முன்னால் எந்தப் பெயரடை வரும், எது வராது என்பதை ஆங்கிலம் கற்பவர்கள் மனப்பாடக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். வழக்கு அப்படி என்று சொல்லி ஆசிரியர்களும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். வழக்குக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெயரடை மாறும்போது அளக்கப்படும் பொருளே மாறுகிறது. நீதிமன்றத்திலும் தணிக்கை அறையிலும், சொல்பவர் ஏற்கும் பொறுப்பும் சேர்ந்து மாறுகிறது.

‘ஹை’, ‘ஸ்ட்ராங்’ என்ற இரண்டை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கலாம். ‘ஹை ஒபினியன்’ என்றதும் பின்னால் ‘ஆஃப்’ வந்தாக வேண்டும். யாரைப் பற்றிய கருத்தோ அவருடைய மதிப்பைத்தான் அந்த உயரம் அளக்கிறது. ‘ஸ்ட்ராங் ஒபினியன்’ என்றால் ‘ஆன்’ அல்லது ‘அபவுட்’ வரும். அது அளப்பது கருத்தை வைத்திருப்பவரின் உறுதியை. ஒரு பெண்ணுக்குத் தன் மேலதிகாரியைப் பற்றி ‘ஹை ஒபினியன்’ இருக்கிறது என்றால் அவரை மதிக்கிறார் என்று தெரிகிறது. அந்த மதிப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரியாது. அவருக்கு மேலதிகாரியைப் பற்றி ‘ஸ்ட்ராங் ஒபினியன்ஸ்’ இருக்கின்றன என்றால் எளிதில் மாறமாட்டார் என்று தெரிகிறது; பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாது. ஒன்று திசையைச் சொல்கிறது, மற்றது விசையைச் சொல்கிறது. ‘ஸ்ட்ராங்’ பெரும்பாலும் பன்மையோடு சேர்வதையும் கவனிக்க வேண்டும். விளாதிமிர் நபக்கோவ் தன் பேட்டிகளையும் கட்டுரைகளையும் தொகுத்து 1973இல் வெளியிட்ட நூலின் தலைப்பும் ‘ஸ்ட்ராங் ஒபினியன்ஸ்’ என்று பன்மையில்தான் இருக்கிறது. ‘ஹை’ அப்படிப் பன்மையை எளிதில் ஏற்பதில்லை. ஒருவர்மீது நமக்கு இருக்கும் மதிப்பு மொத்தமாக ஒன்றுதானே.

வினைச்சொல்லும் பெயரடையைப் பார்த்துத்தான் வருகிறது. ‘ஐ ஆம் ஆஃப் தி ஒபினியன்’ என்ற சட்டகத்துக்குள் ‘ஃபர்ம்’ நுழையும், ‘கன்சிடர்டு’ நுழையும், ‘ஹை’ நுழையாது. ‘டிம்’ என்ற மங்கலான சொல் ‘வியூ’வோடு கூடி ‘டேக்’ என்ற வினையைக் கேட்கும். ஒரு செயலைப் பற்றி ‘டிம் வியூ’ எடுப்பது என்றால் அதை விரும்பாமல் பார்ப்பது. ‘பிலீஃப்’ என்றால் ‘ஃபர்ம்’ வரும், ‘கன்விக்ஷன்’ என்றால் ‘டீப்’ வரும். ‘பப்ளிக்’ வந்துவிட்டால் ‘ஒபினியன்’ எண்ண முடியாத பொருளாகிவிடுகிறது: முன்னால் ‘எ’ வராது, பின்னால் பன்மை வராது. ‘செகண்ட்’ வந்தால் நேர்மாறு. எண்ணிக்கையே அதன் பொருள். அந்தத் தொடர் தமிழுக்குள்ளும் முழுதாகவே வந்துவிட்டது. பெரிய ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால், “எதுக்கும் ஒரு செகண்ட் ஒபினியன் பாத்துடலாம்” என்று ஆங்கிலம் படிக்காத வீடுகளிலும் பேசுகிறார்கள். இரண்டாவது ஆளின் எந்தக் கருத்தையும் அப்படிச் சொல்வதில்லை. வேறொரு மருத்துவரின் கருத்தைத்தான் சொல்கிறார்கள்.

இந்தச் சேர்க்கைகள் காலத்தோடு நகர்பவை. ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ‘கிரேட் ஒபினியன்’ பெருமதிப்பு என்ற பொருளில் வருகிறது. இன்று அந்த இடத்தில் ‘ஹை’ உட்கார்ந்திருக்கிறது. 1813இல் வெளிவந்த ‘பிரைடு அண்டு பிரெஜுடிஸ்’ நாவலில் டார்சி பேசும் ‘குட் ஒபினியன்’, ஒருவர் சம்பாதிக்கவும் இழக்கவும் கூடிய ஒரு சொத்துபோல இருக்கிறது. இப்போது அப்படிப் பேசினால் பழைய வாடை அடிக்கும். நல்லது மேலே, கெட்டது கீழே என்ற உருவகம் ஆங்கிலத்தின் அன்றாடப் பேச்சில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை ஜார்ஜ் லேக்காஃபும் மார்க் ஜான்சனும் 1980இல் எழுதிய நூலில் விரிவாகக் காட்டினார்கள். ‘ஹை’, ‘லோ’ இரண்டும் அந்த வகையில் வருபவை. ‘ஃபர்ம்’, ‘ஸ்ட்ராங்’ இரண்டும் வேறு உருவகம்: அசையாத தரை, வளையாத பொருள்.

ஒரு சொல்லின் பொருளை அதன் பக்கத்தில் வழக்கமாக வந்து நிற்கும் சொற்களைக் கொண்டும் அறியலாம் என்ற எண்ணத்தை மொழியியலில் நிலைநிறுத்தியவர் ஜே.ஆர். ஃபர்த். 1951இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் கழுதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஆளைத் திட்டும்போது அதற்கு முன்னால் வரும் பெயரடைகள் மிகச் சில: அசட்டு, முட்டாள், பிடிவாதம் என்ற பொருள்தருபவை. கிழம் என்பதைவிட இளசு என்பதே அதிகம் சேர்கிறது என்பதையும் அவர் குறித்தார். வசைச்சொல்லிலிருந்து தொடங்கிய அந்தக் கவனிப்பு ஒரு பெரிய ஆய்வுமுறையாக வளர்ந்தது. ஃபர்த் 1919 முதல் 1928 வரை லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆர்டனின் தமிழ் இலக்கண நூலின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பில் தமிழ் உச்சரிப்பு பற்றிய இணைப்பை எழுதியவரும் அவரே. தமிழ் ஒலிகளைக் காது கொடுத்துக் கேட்டு எழுதிவைத்த ஒருவர் இந்த ஆய்வின் தொடக்கத்தில் நிற்கிறார் என்பதை நம் மாணவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஃபர்த்தின் மாணவர் மைக்கேல் ஹாலிடே 1966இல் கொடுத்த உதாரணம் இன்னும் பிரபலம். தேநீர் ‘ஸ்ட்ராங்’ ஆக இருக்கும், ‘பவர்ஃபுல்’ ஆக இருக்காது; கார் ‘பவர்ஃபுல்’ ஆக இருக்கும். நம் டீக்கடையில் “ஸ்ட்ராங்கா ஒண்ணு” என்று கேட்பவரும், தெரியாமலேயே, ஆங்கிலத்தின் அந்தச் சேர்க்கையைப் பிசகாமல் எடுத்து வந்திருக்கிறார். ஜான் சின்க்ளேர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1980இல் தொடங்கிய கோபில்டு திட்டம், உண்மையில் எழுதப்பட்ட, பேசப்பட்ட ஆங்கிலத்தைக் கணினியில் திரட்டி, அதிலிருந்து 1987இல் ஓர் அகராதியை உருவாக்கியது. பேசுபவர் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தெடுப்பதில்லை, பாதி சமைத்த தொடர்களையே பெரும்பாலும் எடுக்கிறார் என்ற முடிவுக்கு சின்க்ளேர் வந்தார். அதன்பின் 1994இல் 10 கோடிச் சொற்களோடு பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் நிறைவடைந்தது. இந்திய ஆங்கிலத்துக்கும் ஒரு திரட்டு உண்டு: கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ்.வி. சாஸ்திரி தலைமையில், 1978இல் அச்சான எழுத்துகளிலிருந்து சேர்த்த 10 லட்சம் சொற்கள்.

தமிழுக்கு மொழிபெயர்ப்பவர்கள் சறுக்கும் இடமும் இந்தப் பாதி சமைத்த தொடர்தான். ‘ஹை ஒபினியன்’ என்பதை ‘உயர்ந்த கருத்து’ என்று போட்டு, ‘அவருக்கு உன்மேல் உயர்ந்த கருத்து இருக்கிறது’ என்று எழுதினால் அது தமிழாக இல்லை. “அவருக்கு உன்மேல ரொம்ப மதிப்பு” என்பதுதான் வீட்டில் வரும் பேச்சு. ‘லோ ஒபினியன்’ இன்னும் நுட்பமானது. நாம் தாழ்வு என்ற சொல்லையே தொடுவதில்லை. “அவன்மேல எனக்கு அவ்வளவா நல்ல அபிப்பிராயம் இல்ல” என்று நல்லதை மறுத்துச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். தமிழுக்கென்று உள்ள ஒழுங்கு வேறு. ‘தங்கள் மேலான கருத்துகளை எழுதி அனுப்புங்கள்’ என்று பத்திரிகை வாசகரைக் கேட்கும்; எந்த வாசகரும் ‘என் மேலான கருத்து’ என்று பதில் எழுதமாட்டார். ‘தாழ்மையான கருத்து’ எப்போதும் என்னுடையது, ‘மேலான கருத்து’ எப்போதும் உங்களுடையது.

கருத்துக் கணிப்புப் படிவங்கள் இந்தச் சறுக்கலால் உண்மையாகவே பாதிக்கப்படுகின்றன. ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வகுத்த அளவுகோலில் ஐந்து படிகள் இருந்தன: உறுதியாக ஆதரிக்கிறேன், ஆதரிக்கிறேன், முடிவு செய்யவில்லை, எதிர்க்கிறேன், உறுதியாக எதிர்க்கிறேன். திசையையும் விசையையும் ஒரே கோட்டில் அடுக்கிய அளவுகோல் அது. ஒரு திட்டம் ஓரளவுக்கு நல்லது என்று நினைப்பவர், அந்த ஓரளவு நல்லது என்பதில் மிக உறுதியாக இருக்கலாம். அவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்? அவருடைய உறுதிக்கு அங்கே இடமில்லை. இதைத் தமிழாக்கும்போது ‘ஸ்ட்ராங்லி அக்ரீ’ என்பது ‘வலுவாக ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஆகிறது. தமிழில் ஒருவர் முழுமையாக ஒப்புக்கொள்வார், முற்றிலும் ஒப்புக்கொள்வார், வலுவாக ஒப்புக்கொள்வதில்லை. ‘முற்றிலும்’ என்று மாற்றினால் படிவம் நல்ல தமிழாகிவிடும். ஆனால் அளவு விசையிலிருந்து பரப்புக்கு மாறிவிடும். கூற்றின் எந்தப் பகுதியும் விடாமல் ஏற்கிறேன் என்பது வேறு, அழுத்தமாக ஏற்கிறேன் என்பது வேறு. கணிப்பை வடிவமைப்பவர்கள் இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகக் கேட்பதே நேர்மையான வழி.

தன் கருத்துக்குத் தானே ஒட்டிக்கொள்ளும் பெயரடைகள் ஒரு தனிக் குடும்பம்: ‘ஹம்பிள்’, ‘ஆனஸ்ட்’, ‘கன்சிடர்டு’. ‘இன் மை ஹம்பிள் ஒபினியன்’ தன்மையில் மட்டுமே நேராக நிற்கும். ‘இன் ஹிஸ் ஹம்பிள் ஒபினியன்’ என்று படர்க்கைக்கு மாற்றினால் அடக்கம் போய்க் கேலி வந்துவிடுகிறது. இணைய உரையாடலில் இந்தத் தொடர் நான்கெழுத்துச் சுருக்கமாகிவிட்டது. அதன் மூன்றாவது எழுத்தை ‘ஹம்பிள்’ என்று ஒரு சாரார் படிக்கிறார்கள், ‘ஆனஸ்ட்’ என்று மற்றொரு சாரார் படிக்கிறார்கள். பணிவும் நேர்மையும் ஒன்றல்ல; பணிவு சொல்பவரைத் தாழ்த்துகிறது, நேர்மை அவர் சொல்வதை உயர்த்துகிறது. இருந்தும் இரு சாராரும் தடையின்றிப் பேசிக்கொள்கிறார்கள். சண்டை வேண்டாம் என்ற குறிப்பைத் தாண்டி அங்கே அந்தப் பெயரடை எதுவும் செய்யவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

‘கன்சிடர்டு’ நம் நீதிமன்றங்களின் செல்லச் சொல். இந்த நீதிமன்றம் ‘கன்சிடர்டு ஒபினியன்’ கொண்டிருக்கிறது, ‘கன்சிடர்டு வியூ’ எடுக்கிறது என்ற வாசகம் இந்தியத் தீர்ப்புகளில் சர்வசாதாரணம். நன்கு ஆராய்ந்து எட்டிய கருத்து என்று பொருள். கருத்தின் உயரத்தையோ உறுதியையோ அது சொல்லவில்லை. வந்த வழியைச் சொல்கிறது. ஆதாரத்தையும் வாதத்தையும் எடைபோட்டுக் காட்டிய பத்திக்குப் பிறகு அது வந்தால் பொருத்தம். எடைபோடாத பத்தியின் முடிவில் வந்தால், செய்யாத வேலைக்குப் போட்ட கையெழுத்து ஆகிவிடுகிறது. ஆராய்ந்தேன் என்று அறிவிப்பதைவிட ஆராய்ச்சியைக் காட்டுவதே நீதிபதியின் கடமை என்பது என் எண்ணம். சட்டத்தின் பழைய எழுத்தில் இந்தச் சிக்கனம் இருந்தது. 2024 வரை நடைமுறையில் இருந்த, 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், பிரிவு 45இல், நிபுணரின் கருத்துக்கு எந்தப் பெயரடையும் சூட்டவில்லை. அயல்நாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து, விரல் ரேகை போன்றவற்றில் தனித்திறன் உள்ளவர்களின் கருத்து வழக்குக்குப் பொருத்தமான ஒரு சங்கதி என்று மட்டும் சொன்னது. தகுதி ஆளுக்கு, கருத்து கருத்தாகவே நிற்கிறது.

பெயரடை ஒரு தொழிலின் அடிப்படையையே தாங்கி நிற்கும் இடம் கணக்குத் தணிக்கை. பிரிட்டனின் 1900ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின்படி, இருப்புநிலைக் குறிப்பு நிறுவனத்தின் நிலையைப் பற்றி ‘ட்ரூ அண்டு கரெக்ட் வியூ’ தருகிறதா என்று தணிக்கையாளர் சொல்ல வேண்டும். 1945இல், கம்பெனிச் சட்டத் திருத்தத்தை ஆராய்ந்த கோஹன் குழு அறிக்கை தந்தது. அதன்பின் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘கரெக்ட்’ நீங்கி ‘ஃபேர்’ வந்தது. காரணம் எளிது. இயந்திரத்தின் தேய்மானம், கிடங்கிலுள்ள சரக்கின் மதிப்பு, வராமல் போகக்கூடிய கடன் எல்லாம் மதிப்பீடுகள். நேர்மையான இருவர் இருவேறு எண்களைத் தரலாம். அவற்றுள் எது ‘சரி’ என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. செய்ய முடியாத சத்தியத்தைக் கேட்ட சொல்லை எடுத்துவிட்டு, கேட்கக்கூடிய ஒன்றை வைத்தார்கள். இந்தியாவின் 1956ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் ‘ட்ரூ அண்டு ஃபேர் வியூ’ என்பதையே ஏற்றுக்கொண்டன.

தணிக்கை அறிக்கையில் இன்னொரு பெயரடை சாதாரண முதலீட்டாளரை வழிதவறச் செய்கிறது. வேலை விளம்பரத்தில் ‘குவாலிஃபைடு’ என்றால் தகுதி உள்ளவர். தணிக்கையில் ‘குவாலிஃபைடு ஒபினியன்’ என்றால் குறை சொல்லும் கருத்து: குறிப்பிட்ட இன்ன விஷயம் நீங்கலாக மற்றவை சரியாக இருக்கின்றன என்று வரம்பிட்டுச் சொல்வது. அதைத் ‘தகுதி பெற்ற கருத்து’ என்று தமிழாக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். தவறு பெரிதாகி, கணக்கு முழுவதையும் பாதிப்பதாக இருந்தால் அது ‘அட்வர்ஸ் ஒபினியன்’. போதிய சான்று கிடைக்காமல், அதன் தாக்கமும் பரவலாக இருக்கக்கூடும் என்றால், கருத்தே சொல்லமாட்டேன் என்று தணிக்கையாளர் விலகிக்கொள்ளலாம். குறையே இல்லாத அறிக்கைக்கு முன்பு ‘அன்குவாலிஃபைடு’ என்று பெயர். கேட்பவருக்குத் தகுதியற்றது என்றுதான் தோன்றும். இப்போதைய தணிக்கைத் தரநிலைகள் ‘அன்மாடிஃபைடு’ என்று சொல்கின்றன. பங்கு வாங்குபவர்கள் ஆண்டறிக்கையில் லாப எண்ணைப் பார்ப்பதற்கு முன் ‘ஒபினியன்’ முன்னால் நிற்கும் சொல்லைப் பார்ப்பது நல்லது.

கணக்குத் துறைக்குள் ‘ஃபேர்’ நுழைந்தது. அவதூறுச் சட்டத்திலிருந்து அதே ‘ஃபேர்’ வெளியேறியது. இங்கிலாந்தில் விமர்சகரைக் காக்கும் வாதத்துக்கு நெடுங்காலமாக ‘ஃபேர் கமெண்ட்’ என்று பெயர். பெயரைக் கேட்டால் விமர்சனம் நியாயமாக, நடுநிலையாக இருக்க வேண்டும் என்று தோன்றும். சட்டம் கேட்டது அதை அல்ல. கடுமையான, மிகைப்பட்ட, ஒருதலையான கருத்தாக இருந்தாலும், உண்மையான சங்கதிகளின் அடிப்படையில் ஒருவர் அதை மனமார நம்பிச் சொல்லியிருந்தால் போதும். பெயரடை ஒன்றைச் சொன்னது, சட்டம் வேறொன்றைச் செய்தது.

இந்தப் பொருந்தாமையை ஊர் முழுக்கப் பேசவைத்தது சைமன் சிங் வழக்கு. அறிவியல் எழுத்தாளரான அவர் 2008இல் ‘கார்டியன்’ நாளிதழில், முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் கைரோபிராக்டிக் முறை குழந்தைகளின் ஆஸ்துமா போன்ற நோய்களுக்குப் பயன்படும் என்று அத்துறையினரின் பிரிட்டிஷ் சங்கம் சொல்லிவந்ததைக் கண்டித்தார். அந்தச் சிகிச்சைகளுக்கு அவர் இட்ட பெயரடை ‘போகஸ்’. சங்கம் வழக்குத் தொடுத்தது. பலிக்காது என்று தெரிந்தே சங்கம் ஏமாற்றுகிறது என்பதே அந்தச் சொல்லின் பொருள், அது கருத்தல்ல, சங்கதி பற்றிய குற்றச்சாட்டு என்று 2009இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஈடி முடிவு செய்தார். அப்படியானால் சங்கத்தின் மனத்துக்குள் இருந்ததைச் சிங் நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும். 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. சிகிச்சைக்கு நம்பகமான சான்று இல்லை என்ற மதிப்பீட்டைத்தான் சிங் சொல்கிறார், அது கருத்து என்றது. ‘ஃபேர் கமெண்ட்’ என்ற பெயரைவிட ‘ஆனஸ்ட் ஒபினியன்’ பொருத்தமானது என்றும் சொன்னது. சில நாட்களில் சங்கம் வழக்கைக் கைவிட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஸ்பில்லர் எதிர் ஜோசஃப் வழக்கில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்துக்கு ‘ஆனஸ்ட் கமெண்ட்’ என்று பெயர் சூட்டியது. 2013ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம், பிரிவு 3இல், ‘ஆனஸ்ட் ஒபினியன்’ என்று எழுதியே வைத்துவிட்டது. சொன்னது கருத்தாக இருக்க வேண்டும். எதை வைத்துச் சொல்கிறோம் என்பதைப் பொதுவாகவாவது சுட்டியிருக்க வேண்டும். அப்போது நிலவிய சங்கதியைக் கொண்டு நேர்மையான ஒருவர் அப்படி எண்ண முடிந்திருக்க வேண்டும். எழுதியவர் அந்தக் கருத்தை உண்மையில் கொண்டிருக்கவில்லை என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் பாதுகாப்பு போய்விடும்.

இந்தியாவில் நிலைமை வேறு. சிவில் அவதூறு வழக்குகளில் ‘ஃபேர் கமெண்ட்’ என்ற பழைய பெயரே தொடர்கிறது. குற்றவியல் பக்கத்தில், 2024 வரை நடைமுறையில் இருந்த 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் பிரிவு 499இன் விதிவிலக்குகளில் கருத்துக்கு எந்தப் பெயரடையும் வைக்கவில்லை. அரசு ஊழியரின் பொதுப்பணி நடத்தையைப் பற்றி எந்தக் கருத்தை வேண்டுமானாலும் வெளியிடலாம், அதை நல்லெண்ணத்தோடு வெளியிட வேண்டும் என்றது. நிபந்தனை கருத்தின்மேல் இல்லை, வெளியிடும் செயலின்மேல் இருக்கிறது. கருத்துச் சுதந்திரத்துக்கு அது தாராளமான வாசகம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் நல்லெண்ணம் என்பதற்கு அதே சட்டத்தின் பிரிவு 52 தந்த விளக்கம் கறாரானது: உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்ததோ நம்பியதோ நல்லெண்ணம் ஆகாது. 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் இதே நல்லெண்ணத்துக்கு வேறு விளக்கம் தருகிறது: கவனக்குறைவு இருந்தாலும் நேர்மையாகச் செய்திருந்தால் போதும். அவதூறு வழக்கில் பொருந்துவது முதல் விளக்கம். அந்த விதிவிலக்குகளையும் கறாரான விளக்கத்தையும், தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. அவதூறு அதில் பிரிவு 356.

ஆகவே விமர்சனம் எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிட வேண்டாம். ‘இது என் நேர்மையான கருத்து’ என்று எழுதுவது லண்டனில் ஒரு சட்டப் பாதுகாப்பின் பெயர். சென்னையில் அது வெறும் பெயரடை. இங்கே குற்றவியல் நீதிமன்றம் நீங்கள் எவ்வளவு கவனமாகச் சரிபார்த்தீர்கள் என்று கேட்கும். சரிபார்த்த ஆவணத்தையும் கேட்டுப் பெற்ற பதிலையும் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள்.